விதைக்காய் ஒன்று செடியிலேயே இருக்கட்டும்

போன வாரம் உழவர் சந்தையில் ஒருவர் கத்தரிக்காயைக் கையில் எடுத்தவர், "ஐயோ, குத்துதே!" என்று கூடையிலேயே திரும்பப் போட்டார். விற்ற அம்மா அசரவில்லை. "குத்தலைன்னாதான் சார் நீங்க சண்டைக்கு வரணும்." அந்தப் பேச்சுக்காகவே நான் ஒரு கிலோ வாங்கினேன்.

இலவம்பாடி முள் கத்தரி அது. வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கத்துக் காய். தண்டு, இலை நரம்பு, காம்பு, காம்புக்குக் கீழே காயைப் பிடித்திருக்கும் அந்தப் பச்சைத் தொப்பி, எல்லாவற்றிலும் முள். 2023-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்க்காரர்கள் எல்லோரையும் போல நானும் பெருமையாகப் பதிவு போட்டேன். ஆனால் அந்தக் குறியீடு காப்பது பெயரை. விதையை யார் காப்பது? என் கவலை அங்கேதான்.

ஏன் சொல்கிறேன் என்றால், நானே ஒருமுறை கோட்டை விட்டிருக்கிறேன். கொல்லையில் ஆறு முள் கத்தரி, பக்கத்திலேயே பச்சை நீளக் கத்தரி நான்கு. நன்றாக விளைந்த காயில் விதை எடுத்து அடுத்த பட்டத்தில் போட்டேன். பாதிச் செடியில் முள்ளைத் தேட வேண்டியிருந்தது. ஒன்றில் ஊதாவும் பச்சையும் கலந்து ஒரு வினோதக் காய். கத்தரிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும், சரி. ஆனால் வண்டும் தேனீயும் சும்மா இருக்குமா?

அதனால் இப்போது விதைக்கென்று வைத்த பூ மலர்வதற்கு முன்பே மெல்லிய துணிப்பை கட்டிவிடுகிறேன். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, அடையாளத்துக்குக் காம்பில் சிவப்பு நூல். காய் பழுத்து மஞ்சளாகித் தோல் தடித்த பிறகுதான் பறிப்பது. சதையைத் தண்ணீரில் பிசைந்தால் நல்ல விதை அடியில் தங்கும். சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தினால் வேலை முடிந்தது.

வளர்ப்பதில் பெரிய தலைவலி காய்த்துளைப்பான் புழு. முதலில் காய்க்கு வராது. காலையில் பார்த்தால் கொழுந்து மட்டும் தலை சாய்ந்திருக்கும். அதற்குக் கீழே கிள்ளிப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பில் ஒரு புழு நெளியும். அந்தக் கொழுந்தை அங்கேயே போடாமல் எரித்துவிட வேண்டும். பத்துச் செடிக்கு இது போதும். ஏக்கர் கணக்கில் போடுகிறவரிடம் போய் "தினமும் கிள்ளுங்க" என்று நான் உபதேசம் செய்ய மாட்டேன். ஆனால் சொத்தையே இல்லாத, பளபளக்கிற காய்தான் வேண்டும் என்று நாம் அடம்பிடிப்பதால்தான் அவர் மருந்து மேல் மருந்தாக அடிக்கிறார். ஓரத்தில் ஒரு ஓட்டை இருந்தால் அந்த இடத்தை நறுக்கி எறியுங்களேன், என்ன குடி முழுகிவிடும்?

சமையலுக்கு வருவோம். எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு இதை மிஞ்ச ஆள் இல்லை. முள் நுனியை மட்டும் கத்தரித்துவிட்டு, காம்போடு விட்டு, அடியிலிருந்து நான்காகப் பிளந்து உப்புத் தண்ணீரில் போடுங்கள், கறுக்காது. தனியா, வேர்க்கடலை, எள், காய்ந்த மிளகாய் வறுத்து அரைத்து உள்ளே அடைத்து, நல்லெண்ணெயில் சிறு தீயில் மூடி வைத்தால் போதும். தண்ணீரே வேண்டாம். தோல் தெரியாமல் கரைந்து, காம்பைப் பிடித்து இழுத்தால் காம்பு மட்டும் கையோடு வரும். ஆம்பூர் பிரியாணிக்குப் புளி போட்ட கத்தரிக்காய் வைக்கிறார்களே, அதை இந்தக் காயில் செய்து பாருங்கள். பிரியாணியை ஓரம் தள்ளுவீர்கள். (ஆம்பூர் நண்பர்கள் மன்னிக்க.)

கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும் என்பார்கள். விதைக்காய்க்கு மட்டும் அது பொருந்தாது. எல்லாக் காயையும் பிஞ்சிலேயே பறித்துச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, அடுத்த பட்டத்துக்குக் கடைப் பாக்கெட்டை நம்பினால் என்ன வரும்? எனக்கு ஒரு பாக்கெட்டில் முள்ளே இல்லாத 'முள் கத்தரி' வந்தது.

இந்தப் பட்டத்தில் மூன்று காய்க்கு நூல் கட்டியிருக்கிறேன். நேற்று ஊரிலிருந்து வந்த அத்தை கொல்லைக்குப் போய்விட்டு, முந்தானையில் எதையோ ஏந்திக்கொண்டு வந்தார். "ஏன்டா, மூணு காயை இப்படி மஞ்சளா முத்த விட்டிருக்கியே, கண்ணு தெரியலியா உனக்கு?"

மூன்றும் முந்தானையில்தான் இருந்தன. நல்லவேளை, நன்றாகவே பழுத்திருந்தன.