தண்ணீரில் ஓடும் கார்: பரவும் செய்தி தவறானது

‘ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் போதும், காரின் பேட்டரியே அதை ஹைட்ரஜனாகப் பிரித்துவிடும், பெட்ரோலே வேண்டாம்’ என்று கோவை, திருப்பூர், ஈரோடு வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கருவியின் காணொளி சுற்றி வருகிறது. இது உண்மையன்று. தண்ணீர் எரிபொருள் அல்ல. ஹைட்ரஜன் எரிந்தபின் மிஞ்சுவதே அது. ஒரு கிலோ ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து பிரிக்க ஏறத்தாழ 50 யூனிட் மின்சாரம் செலவாகும். அது திருப்பித் தருவதோ சுமார் 33 யூனிட் ஆற்றல்தான். அந்த மின்சாரத்தைத் தரும் பேட்டரியையும் எஞ்சின் பெட்ரோலை எரித்தே சார்ஜ் செய்ய வேண்டியிருப்பதால், மிச்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. (காணொளியில் பெட்ரோல் டேங்கை யாரும் கழற்றிக் காட்டவில்லை.) டொயோட்டா மிராய் போன்ற ஹைட்ரஜன் கார்கள், வெளியில் தயாரித்த வாயுவை 700 பார் (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 700 மடங்கு) அழுத்தத்தில் நிரப்பிக்கொண்டே ஓடுகின்றன. தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கும் மின்னாற்பகுப்பை என்சிஇஆர்டி (மத்திய அரசின் பாடநூல் அமைப்பு) பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலும், வாகனத்தை மாற்றியமைப்பதற்கான கட்டுப்பாட்டை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவிலும் சரிபார்க்கலாம். அதுவரை கருவிக்கு முன்பணம் கட்ட வேண்டாம். காணொளியை மேலும் பகிரவும் வேண்டாம்.