மூன்றாம் கியரில் கேட்கும் கேள்வி

சென்ற மாதம் பொள்ளாச்சியிலிருந்து தங்கையின் கணவர் அழைத்தார். நான்கு ஆண்டு ஓடிய மின்சாரக் கார் ஒன்று நல்ல விலைக்கு வருகிறதாம். “ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் மச்சான்” என்றார். எங்கள் குடும்பத்தில் யார் பழைய கார் வாங்கினாலும் நான்தான் போய்ப் பார்ப்பேன். இருபது ஆண்டுப் பழக்கம் இது. ஆனால் அன்றைக்கு அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தும் என்னால் ஒரு வார்த்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதிலிருந்து இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய மேனுவல் காரைப் பார்க்கக் காலையிலேயே போய்விட வேண்டும். முதலில் பானெட்டின் மேல் கை வைப்பேன். சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே வண்டியை ஓடவிட்டிருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் காட்டிக்கொடுக்கும் குறைகளை அப்போது பார்க்க முடியாது. ஸ்டார்ட் செய்து சைலென்சர் பக்கம் போய் நிற்பேன். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். பிறகு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, மூன்றாம் கியரைப் போட்டு, கிளட்சை மெல்ல விடுவேன். எஞ்சின் திணறி உடனே அணைந்தால் கிளட்ச் பிளேட் நன்றாக இருக்கிறது. அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் பிளேட் தேய்ந்துவிட்டது. அந்தச் செலவை விலையில் கழித்துக் கேட்கலாம். ஓட்டும்போது இரண்டாம் கியருக்கு இறக்குகையில் பல் கடிக்கும் சத்தம் வந்தால் கியர்பாக்ஸில் வேலை இருக்கிறது. கால்மிதியைத் தூக்கினால் துரு தெரியும். இதற்கெல்லாம் ஒரு கருவியும் தேவையில்லை. கேட்கத் தெரிந்தவனுக்குக் கார் பதில் சொல்லும்.

மின்சாரக் காரில் நான் எதைக் கேட்பது? மோட்டாரில் தேய்வதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. காரின் மதிப்பு முழுவதும் தரைக்கு அடியில் இருக்கும் பேட்டரியில் இருக்கிறது. முன் திரை நூறு சதவீதம் என்றும் 240 கிலோமீட்டர் என்றும் காட்டியது. அந்தக் கிலோமீட்டர் கணக்கு பெரும்பாலும், கடைசியாக ஓட்டியவர் எப்படி ஓட்டினார் என்பதை வைத்துப் போடப்படுவது. பேட்டரி புதிதாக இருந்தபோது சேமித்த மின்சாரத்தில் இப்போது எவ்வளவு சேமிக்கிறது என்பதை அது சொல்வதில்லை. நான்கு கோடைகளை வெயிலில் நின்றே கழித்ததா, தினமும் நெடுஞ்சாலையில் அதிவேக சார்ஜரில் போட்டார்களா, வீட்டில் இரவெல்லாம் நிதானமாக ஏற்றினார்களா? பேட்டரியின் ஆயுளைப் பெரிதும் பாதிக்கும் விஷயங்கள் இவை. விற்பவரிடம் சோதனை அறிக்கை கேட்டோம், இல்லை. சர்வீஸ் நிலையத்தில் கேட்டோம், உரிமையாளர் அல்லாதவருக்கு எழுத்தில் எதுவும் தர முடியாது என்றார்கள்.

எட்டு ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் உத்தரவாதம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. இரண்டாவது உரிமையாளருக்கு அது எந்த நிபந்தனைகளோடு வருகிறது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், திட்டத்துக்குத் திட்டம் மாறுகிறது. வாங்கும் முன் அந்த ஆவணத்தைக் கடைசி வரி வரை படித்துவிடுங்கள்.

நான் மின்சாரக் காருக்கு எதிரி இல்லை. சொந்த வீடு, வாசலில் சார்ஜ் செய்ய வசதி, தினமும் எண்பது, நூறு கிலோமீட்டர் ஓட்டம் என்று இருப்பவர் புதிதாக வாங்குவதானால் தயங்காமல் மின்சாரக் காரே வாங்கலாம். நெரிசலில் அதன் அமைதிக்கு ஈடு இல்லை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது மிதித்த கணத்தில் இழுக்கிறது, இறங்கும்போது மோட்டாரே வேகத்தைக் குறைத்துப் பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்புகிறது. (மலை உச்சியில் முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரி அந்த மின்சாரத்தை வாங்கிக்கொள்ளாது, பிரேக்கின் வேலை கூடிவிடும்.)

என்னிடம் இருப்பது 2012ஆம் ஆண்டு ஃபோர்டு ஃபிகோ, 1.4 லிட்டர் டீசல். மறைமலை நகரில் செய்த கார். இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தபோது, ‘உடனே விற்றுவிடு, உதிரிபாகம் கிடைக்காது’ என்று எல்லோரும் சொன்னார்கள். இன்றுவரை ஒரு பாகத்துக்காகவும் என் வண்டி நின்றதில்லை. கம்பெனி பாகம் கிடைக்காவிட்டால் வெளிச்சந்தையில் கிடைக்கிறது, அங்கும் இல்லாவிட்டால் பழைய உதிரிபாகங்களுக்குப் பேர்போன சென்னைப் புதுப்பேட்டை இருக்கிறது. எங்கள் மெக்கானிக் எந்த மடிக்கணினியையும் திறக்காமல் பாதி வேலையை முடித்துவிடுவார்.

அதன் குறையையும் சொல்லிவிடுகிறேன். வண்டிப் புகையின் மாசைக் கட்டுப்படுத்தும் பிஎஸ் 6 விதி வந்த 2020க்கு எட்டு ஆண்டு முந்தைய டீசல் அது. அதன் புகை இன்றைய காரின் புகையைவிட மோசமானது. அதனால் ஊருக்குள் அதை எடுப்பதைக் குறைத்துக்கொண்டேன், அந்த வேலைக்கு ஸ்கூட்டர் இருக்கிறது.

ஆனால் மலைக்கு அதில்தான் போவேன். அதன் முழு இழுவிசையான 160 நியூட்டன் மீட்டர், எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றும்போது கிடைக்கிறது. வளைவுக்குள் நுழையும் முன்பே இரண்டாம் கியருக்கு இறக்கிவிட வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் சுற்று குறைந்து டர்போ தூங்கிவிடும், இழுவை போய்விடும், பின்னால் வரும் பஸ் ஹாரன் அடிக்கும். சரியாக இறக்கினால், வளைவு முடியும் இடத்தில் வண்டி தானாக நிமிர்ந்து மேலே ஏறும். இடது கை, இடது கால், காது மூன்றும் சேர்ந்து செய்யும் இந்த வேலையை நான் கற்றுக்கொள்ள ஐந்தாறு ஆண்டு ஆயிற்று. கல்லூரி நாட்களில் கோவைக்கு அருகே செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பந்தயம் பார்க்கப் போகும்போது, ஓட்டுநர்கள் எந்த இடத்தில் கியர் இறக்குகிறார்கள் என்று எஞ்சின் சத்தத்தை வைத்தே நண்பர்களோடு கணக்குப் போடுவேன். அந்தக் காது இன்னும் எனக்கு இருக்கிறது. அதைச் சும்மா வைத்திருக்க எனக்கு மனமில்லை.

இங்கே பெரும்பாலான குடும்பங்களுக்கு முதல் கார் பழைய கார்தான். மூன்று லட்சம் கையில் வைத்திருப்பவர் ஏமாறாமல் வாங்க முடிந்ததற்குக் காரணம், தெருவில் இருக்கும் எந்த மெக்கானிக்கும் அந்தக் காரைச் சோதிக்க முடிந்ததுதான். நாளைக்கு அவர் முன் நிற்கப்போவது பழைய மின்சாரக் கார். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி முதல், சந்தைக்கு வரும் ஒவ்வொரு மின்சாரக் கார் பேட்டரிக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட், அதாவது அதன் விவரங்களைச் சொல்லும் மின்னணுப் பதிவு, கட்டாயம். கலிபோர்னியாவில் 2026 மாடலிலிருந்து பேட்டரியின் ஆரோக்கியத்தை ஓட்டுநருக்குக் காரே காட்ட வேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள். நம் ஊரிலும் இது சட்டமாக வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் ஹூண்டாய் மின்சாரக் கார் செய்கிறது, தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் 2025இல் ஆலையைத் திறந்தது. செய்கிற இடத்திலேயே இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

பொள்ளாச்சிக் காரை வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது மோசமான கார் என்று நான் சொல்லவில்லை. அது எப்படிப்பட்ட கார் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்றுக்குத் தங்கை வீட்டுப் பணத்தைக் கொடுக்கச் சொல்ல மனம் வரவில்லை. பேட்டரியைச் சோதித்த அறிக்கையோடு யாராவது விற்க வந்தால் மறுநாளே தங்கையின் கணவரோடு கிளம்பிவிடுவேன். என் ஃபிகோவுக்கு 2027இல் பதினைந்து ஆண்டு நிறைகிறது. பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முன் டயர் நான்கையும் மாற்றிவிடுவதாக இருக்கிறேன்.