விலாவில் ஒரு ஸ்லைடு

மார்ச் 24 உலகக் காசநோய் தினம். 1882இல் ராபர்ட் காக் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்த நாள் அது. பெரும்பாலும் தவக்காலத்துக்குள் வந்துவிடும். வட சென்னையில் இராயபுரம், காசிமேடு, வியாசர்பாடிப் பக்கம் கோயிலில் இதற்காக ஒரு படம் வைக்க நினைக்கிற பங்கு இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கிருமிக்குக் கொம்பும் கோரைப்பல்லும் வைத்து, இயேசு அதை மிதிப்பதுபோல் வரையத்தான் முதலில் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். ஆறு மாச மாத்திரையில் இருப்பவர் அதே பூசையில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். படத்திலிருக்கும் பிசாசு தன் நெஞ்சுக்குள் இருப்பதாகத்தான் அவருக்குப் படும். வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் படுத்திருப்பவருக்கு இணையாகக் குணமாகும், அதனால் வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றுவதில்லை என்று உலகத்துக்கே காட்டியது 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு. அதே சென்னையில் இன்னும் தட்டையும் டம்ளரையும் தனியே ஒதுக்குகிறோம். அந்த ஒதுக்கலுக்குக் கோயில் படமும் துணைபோகக் கூடாது.

ஜெர்மன் ஓவியர் க்ரூனேவால்ட் 1512க்கும் 1516க்கும் இடையில் இசன்ஹைம் மடத்துக்கு வரைந்த பீடப்படத்தைப் பாருங்கள். கம்பு போன்ற ரை தானியத்தில் வளரும் பூஞ்சையால் தோலும் விரலும் அழுகிப்போனவர்களை அந்த மடத்தில்தான் பராமரித்தார்கள். சிலுவையில் தொங்கும் இயேசுவின் உடம்பு முழுக்கப் புண்களை வரைந்தார் அவர். நோயாளி நிமிர்ந்து பார்த்தால் தன் தோலை அங்கே பார்ப்பார். பூஞ்சையைப் பற்றி க்ரூனேவால்டுக்குத் தெரியாது. நமக்குக் கிருமியின் நீளம்வரை தெரியும், அதனால் இன்னும் உண்மையாகவே வரையலாம்.

எங்கே வரைவது? விலாவில். ஈட்டியால் குத்தியதும் இரத்தமும் தண்ணீரும் வந்ததாக யோவான் எழுதுகிறார். டி.பி.யில் நெஞ்சில் நீர் கோத்தால் டாக்டர் ஊசி போட்டு எடுப்பதும் விலா எலும்புகளுக்கு நடுவில்தான். எலும்பின் மேல் விளிம்பை ஒட்டி இறக்குவார்கள், கீழ் விளிம்பில் இரத்தக்குழாய் ஓடுவதால். வைக்கோல் நிறத்தில் நீர் வரும். அந்த ஊசி குத்தப்பட்டவருக்கு விலாக்காயத்தைப் பற்றிப் பிரசங்கம் தேவையில்லை.

8க்கு 4 அடி ப்ளைவுட்டில் இயேசுவின் உடலைக் கழுத்திலிருந்து இடுப்புவரை மட்டும் கரியால் வரையுங்கள். முகம் வேண்டாம். வலது விலாவில் 43 செ.மீ. வட்டமாக வெட்டுங்கள். பின்னால் 50 செ.மீ. சதுரக் கண்ணாடி, 4 மி.மீ. கனம். இரண்டரைக் கிலோ வரும், வெறும் ஆணி தாங்காது. மரச்சட்டம் வைத்து நான்கு ஸ்க்ரூ போடுங்கள். சர்ச் ஜன்னலும், மைக்ரோஸ்கோப்பில் வைக்கும் ஸ்லைடும் ஒளி ஊடுருவினால்தான் தெரியும் என்பதால்தான் கண்ணாடியைச் சொல்கிறேன்.

கண்ணாடியில் வரையப்போவது, நோயாளியின் சளியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தெரியும் வட்டத்தை. அளவுதான் எல்லோரும் தவறுகிற இடம். எண்ணெய்த் துளி வைத்துப் பார்க்கும் ஆயில் லென்ஸில் ஆயிரம் மடங்கில் தெரியும் வட்டம் சுமார் 0.2 மி.மீ. அகலம். அதை 43 செ.மீ. ஆக்கினால் ஏறக்குறைய 2,150 மடங்கு. 3 மைக்ரான் (0.003 மி.மீ.) கிருமி ஆறரை மி.மீ. நீளம், ஒரு மி.மீ.க்கும் குறைந்த தடிமன். கிட்டத்தட்ட ஒரு சீரகம்! சற்று வளைந்து, நடுநடுவே மணி கோத்தாற்போல், சில இடத்தில் இரண்டு சேர்ந்து 'வி' வடிவில் கிடக்கும். சீழ் செல்லோ பத்து ரூபாய்க் காசு அளவு, உள்ளே மூன்று நான்கு துண்டாகப் பிரிந்த அடர்நீலக் கரு. புழு மாதிரி பெரிதாக ஐம்பது கிருமி வரைந்து நிரப்பாதீர்கள். ஒரு வட்டத்தில் பத்துக்கு மேல் இருந்தாலே லேபில் '3+', அதாவது மிக அதிகம் என்று எழுதுவார்கள். நான்கைந்து போதும்.

நிறம்: வெளிர்நீலத்தில் சிவப்பு. கிருமிக்குச் சொந்தமாக நிறமே கிடையாது. கார்பால் ஃபுக்சினைச் சூடாக்கி ஏற்றினால், மெழுகு போன்ற அதன் உறை அமிலம் ஊற்றினாலும் அந்தச் சிவப்பை விடாது. மற்றதெல்லாம் வெளுத்து, பிறகு மெத்திலின் நீலத்தை ஏற்கும்.

கண்ணாடி பெயின்டில் வரையும்போது சிவப்பை முன்பக்கத்திலும் நீலத்தைப் பின்பக்கத்திலும் போடுங்கள். ஒரே பக்கத்தில் போட்டால், நீலத்திலுள்ள தின்னர் காய்ந்த சிவப்பையும் கரைத்து ஊதாவாக்கிவிடும். நீலம் ஒரு பங்குக்கு க்ளியர் மீடியம் (நிறமில்லாத பெயின்ட்) எட்டுப் பங்கு. அடர்த்தியானால் விளக்குப் போட்டதும் சிவப்பு கறுத்துப்போகும். தின்னர் ஊற்றி வெளிராக்கினால் நிறம் திட்டுத்திட்டாக ஒதுங்கும். கறுப்பு அவுட்லைனர் வேண்டவே வேண்டாம், செல்லுக்குக் கோடு கிடையாது. முதலில் ஸ்பிரிட்டால் துடையுங்கள், விரல்ரேகை பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் சுருங்கும். மேசை சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். காசிமேட்டில் காலை ஈரக்காற்றில் போட்டால் பெயின்ட் வெண்மேகம் படர்ந்தாற்போல் மங்கும், பத்து மணிக்கு மேல் தொடங்குங்கள். எண்ணூர் சாலையோரம் என்றால் லாரித் தூசு படியும். காயும்வரை 24 மணி நேரம் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடி வையுங்கள். பின்னால் வெள்ளை எல்.இ.டி., மஞ்சள் விளக்கு நீலத்தைக் கொன்றுவிடும். நடுவில் பால்நிற அக்ரிலிக் இல்லாவிட்டால் பல்புகள் புள்ளிபுள்ளியாகத் தெரியும்.

மாதிரிக்காக யாரும் சளியையோ ஸ்லைடையோ வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் படக் களஞ்சியத்தில் நல்ல படங்கள் இலவசமாகக் கிடைக்கும்.

படத்துக்குக் கீழே 'விசுவாசித்தால் குணம்' என்று எழுதாதீர்கள். விசுவாசித்தும் பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் அதைப் படிப்பார்.

பாஸ்கா இரவுக்கு இரண்டாவது கண்ணாடி தயார் செய்யுங்கள். அதே வெளிர்நீலம், சீழ் செல்கள் குறைவு, சிவப்பு ஒன்றுகூட இல்லை. சளி நெகட்டிவ். ஆனால் விலா ஓட்டையை ப்ளைவுட் வைத்து அடைக்காதீர்கள். உயிர்த்தவர் தோமாவிடம் காட்டியது அந்தக் காயத்தைத்தான். குணமானவரின் எக்ஸ்ரேயிலும் பல நேரம் தழும்பு தெரியும். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றிக் கண்ணாடியை மாற்றப் பத்து நிமிடம் போதும், விளக்கணைத்திருக்கும் நேரத்திலேயே முடித்துவிடலாம்.