அட்வான்ஸ் பணமும் அறுப்பின் பண்டிகை ஏலமும்

வடசென்னையில் வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் வாடகை வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். மாத வாடகையை எப்படியாவது கட்டிவிடலாம். ஆளைச் சாய்ப்பது அட்வான்ஸ்தான். 6,000 ரூபாய் வாடகை வீட்டுக்குப் பத்து மாத அட்வான்ஸ் என்றால் 60,000 ரூபாய். காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிற அக்கா அதை எங்கே போய்ப் புரட்டுவார்? வட்டிக்குத்தான் வாங்குவார். அப்புறம் வட்டி கட்டினால் வாடகை நிற்கும், வாடகை கட்டினால் வட்டி ஏறும். 2017-ல் வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத அட்வான்ஸைத்தான் சொல்கிறது. வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளவும் அதிலேயே வழி இருப்பதால், எங்கள் தெருவில் இன்னமும் பத்து மாதம்தான்.

அதனால்தான் எங்கள் கிறிஸ்தவத் திருச்சபை எடுத்த முடிவு எனக்குப் பெரிதாகப் படுகிறது. அறுப்பின் பண்டிகையில், மக்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த பொருள்களை ஏலம் விட்டதில் வந்த பணத்தைக் கோயிலுக்குப் பெயின்ட் அடிக்க ஒதுக்காமல், அட்வான்ஸ் கடனுக்கென்று தனியாக வைத்திருக்கிறார்கள். வட்டி கிடையாது. பணம் நேராக வீட்டு ஓனரிடம் போகும். குடும்பம் காலி செய்யும்போது சபைக்கே திரும்பி வரும். அதே பணத்தில் இன்னொரு குடும்பம் குடியேறும்.

"சபைக்கு இது தேவையா? அரசாங்கம் பார்த்துக்கொள்ளாதா?" என்று கமிட்டியில் ஒரு பெரியவர் கேட்டார். அரசாங்கம் வீடு கொடுக்கத்தான் செய்கிறது. 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் இங்கே கட்டிய குடியிருப்புகளில் எத்தனையோ குடும்பங்கள் வாழ்கின்றன. ஆனால் கூவம் கரை, கால்வாய்க் கரையிலிருந்து எடுக்கப்பட்ட பலருக்குக் கிடைத்தது சென்னையின் தென்கோடியில் இருக்கிற பெரும்பாக்கம், கண்ணகி நகர். இங்கிருந்து பெரும்பாக்கம் 25 கிலோமீட்டருக்கு மேல். விடிவதற்குள் மீன் ஏலத்துக்கு வந்து நிற்க வேண்டிய மீன்காரம்மா அங்கிருந்து எந்த பஸ்ஸைப் பிடிப்பார்? வேலைக்காக இங்கேயே வாடகைக்குத் திரும்பி வருகிறவர்களை அட்வான்ஸ் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

ஒரே ஒரு வருத்தம். கடன் இப்போதைக்குச் சபை அங்கத்தினர்களுக்கு மட்டும்தானாம். கோயில் சுவரை ஒட்டிக் குடியிருக்கிற மற்றவர்களுக்கும் அதைத் திறந்துவிட வேண்டும். கமிட்டியில் கேட்டேன், மறுபடியும் கேட்பேன்.

இன்னொன்று. ஆராதனைக்கு வருகிற நம்மிலும் வீட்டு ஓனர்கள் நிறையப் பேர். அம்மா பெயரில் ஒரு மாடி போர்ஷன் இருக்கிறது. அடுத்த மாதம் காலியாகிறது. இனி மூன்று மாத அட்வான்ஸ் போதும் என்று அம்மாவிடம் பேசிவிட்டேன். சரி என்றார்கள்.