தண்ணீர் மோட்டர் நிற்கும்போதெல்லாம்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் தண்ணீர் மோட்டர் நிற்கும் ஒவ்வொரு தடவையும், அம்மாவின் கலியாண வீடியோ கசற்றைக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருக்கும் என் திரையில் வெள்ளைக் கோடுகள் பாய்ந்து படம் கிழிந்துவிடுகிறது. நேற்று தாலி கட்டும் இடத்திலேயே அப்படி நடந்தது. 30 வருடப் பழைய நாடாவை எத்தனை தடவைதான் பின்னோக்கிச் சுற்றுவது? 230 வோல்ட்டில் ஓடும் மோட்டரின் மின்னோட்டத்தைத் திடீரெனத் துண்டிக்கும்போது, அதன் கம்பிச்சுருளில் தேங்கிய ஆற்றல் சுவிட்ச் முனைகளுக்கிடையே பொறியாகப் பாய்கிறது; அந்தப் பொறி எழுப்பும் மின் இரைச்சல் வயர் வழியாகவும் காற்று வழியாகவும் வந்து, ஒரு வோல்ட் அளவேயான வீடியோ சைகையைக் குலைக்கிறது. முனைகளுக்குக் குறுக்கே பொருத்தமான கொள்ளளவியையும் (மின்னேற்றத்தைத் தேக்கும் உறுப்பு) தடையியையும் (மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் உறுப்பு) தொடராக இணைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். பராமரிப்புப் பொறுப்பாளரிடம் இதை மூன்று தடவை சொல்லிவிட்டேன். "தண்ணீர் வருகிறதுதானே தம்பி" என்கிறார்.