பொடி விற்கும் அண்ணிக்கும் சட்டம் உண்டு

சின்ன ஆன்லைன் வியாபாரிகள் சட்ட விதிகளைத் தெரிந்துகொள்ள ஒரு வக்கீலைப் போய்ப் பார்ப்பது நல்லது என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் இட்லிப் பொடி அரைத்து இன்ஸ்டாகிராமில் விற்கும் என் அண்ணி எந்த வக்கீலிடம் போவார்?

"கடையே இல்லை, நமக்கு என்ன சட்டம்?" என்றுதான் அவரும் நினைத்திருந்தார். போன வருடம் ஒரு வாடிக்கையாளர், பாக்கெட்டில் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் எங்கே என்று கேட்டபோதுதான் விழித்துக்கொண்டோம். அந்த 14 இலக்க எண், எடை, சேர்மானம், தயாரித்த தேதி, காலாவதி தேதி, சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி, முகவரி எல்லாம் வைத்து லேபிளைத் திரும்ப அடித்தோம். பழைய லேபிளில் இருந்தது ஒரு தாமரைப் படமும் போன் நம்பரும் மட்டும்தான்.

அப்புறம், ஆன்லைன் விற்பனைக்கான 2020 மின்வணிக விதிகள் பெரிய தளங்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தொடர்ந்து வியாபாரமாக விற்றால் தனி ஆளுக்கும் அது பொருந்தும். புகார் வந்தால் "புகார் கிடைத்தது" என்று 48 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அண்ணி இதற்கென்றே ஒரு நோட்டுப் போட்டிருக்கிறார்.

அவருக்கு உண்மையான பயம் வீட்டு முகவரியைப் பாக்கெட்டில் போடுவதில்தான். தனியாக இருக்கும் பெண்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அதற்கு என்ன வழி என்று அடுத்த கட்டுரையில் எழுதுங்கள். சிறுதொழில்களுக்கு உதவும் அரசின் மாவட்டத் தொழில் மையங்களும் இதையெல்லாம் எளிய தமிழில் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுக்கலாமே.