கற்றாழைக்குத் தினமும் ஒரு டம்ளர் தண்ணீரா?

"வீட்டுக்குள் வளர்க்கும் சோற்றுக்கற்றாழைக்குத் தினமும் காலையில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். மடல் மஞ்சளானால் இரண்டு டம்ளர்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. இது தவறு. தொட்டிக் கற்றாழை பெரும்பாலும் சாவதே தண்ணீர் அதிகமாகித்தான்.

கற்றாழை தனக்கு வேண்டிய தண்ணீரை மடலிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். இலைத்துளைகளைப் பெரும்பாலும் இரவில்தான் திறக்கும் என்பதால் பகல் வெயிலில் அதிகம் இழக்காது. திருஷ்டிக்காக வாசலில் வேரோடு தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுகிறோமே, மண்ணும் தண்ணீரும் இல்லாமல் அது மாதக்கணக்கில் பச்சையாக இருப்பதைப் பார்த்தவர்கள்தானே நாம்!

ஈரம் காயாத மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகிவிடும். அப்போதுதான் மடலின் அடிப்பகுதி மஞ்சளாகி, தொட்டால் கொழகொழவென்று இருக்கும். அந்த நேரத்தில் இரண்டு டம்ளர் ஊற்றினால் கதை முடிந்தது. தாகம் என்றால் மடல் மெலிந்து, சுருங்கி, உள்பக்கமாக மடியும்.

சரி, எப்போது ஊற்றுவது? விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் வேண்டாம். நன்றாகக் காய்ந்திருந்தால், அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் இடைவெளி இன்னும் கூடும். பிரிட்டனின் தோட்டக்கலை அமைப்பான ராயல் ஹார்டிகல்ச்சுரல் சொசைட்டியின் இணையதளத்திலும், மண் காய்ந்த பிறகே ஊற்றச் சொல்கிறார்கள், பார்த்துக்கொள்ளலாம்.

அந்தச் செய்தி உங்கள் குழுவுக்கு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.